பன்னிரண்டு விசைகளும் எங்கள் தமிழும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நூறு ஆண்டுகளில் எங்கள் மாணவியரின் தொடர்பாடல்" என்ற தலைப்பில் பேசுமாறு கேட்டிருந்தார்கள். நூறு ஆண்டுகளையும் இருபது நிமிடத்தில் அடக்குவது இயலாத காரியம். ஆகவே ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2002ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய 2013ஆம் ஆண்டு வரையான காலம் அது. கைத்தொலைபேசி எங்கள் கைக்கு வந்துவிட்டது. தமிழ் அதற்குள் வரவில்லை. அந்த இடைக்காலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஏன் அந்தக் காலம்? இந்த மலருக்காகப் பழைய கடிதங்கள் சேர்த்தபோது, அஞ்சல் அட்டைகள் வந்தன. நீல நிற விமானக் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்த பிறகு, ஆள் மூலம் கொடுத்தனுப்பிய துண்டுக் கடிதங்களும் மடித்த மடிப்பு கிழியும் நிலையில் வந்தன. ஆனால் நான் சொன்ன அந்தப் பத்தாண்டுக்கு ஒன்றுமே வரவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எழுதாமல் இருந்தோமா? முன்னெப்போதையும்விட அதிகமாகத்தான் எழுதினோம். எழுதியவை எல்லாம் சிறு திரையில் தோன்றி, நினைவகம் நிறைந்ததும் அழிக்கப்பட்டு, கைத்தொலைபேசி பழுதானதும் அதனுடன் போய்விட்டன.

முதலில் அந்தக் கருவியைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். இங்கே இருக்கும் இளைய மாணவியர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். நோக்கியா 3310 வெளிவந்தது 2000ஆம் ஆண்டில். உலகிலேயே மிக அதிகமாக விற்ற கைத்தொலைபேசிகளில் ஒன்றான நோக்கியா 1100 வந்தது 2003இல். பன்னிரண்டு விசைகள். அவற்றில் எட்டு விசைகளுக்குள் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் அடங்க வேண்டும். இரண்டாம் இலக்கத்தில் ஏ, பி, சி. ஆறாம் இலக்கத்தில் எம், என், ஓ. ஏழாம் இலக்கத்தில் நான்கு எழுத்து. எஸ் வேண்டுமானால் ஏழை நான்கு முறை அமர்த்த வேண்டும்.

"சுகம்" என்று ஆங்கில எழுத்தில் எழுத ஒன்பது அமர்த்தல். "அம்மா" என்று எழுத நான்கே நான்கு. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் எம்-இற்கும் இரண்டாவது எம்-இற்கும் இடையில் ஒரு கணம் விரலை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓர் என் ஆகிவிடும்.

விரலுக்கு வேலையைக் குறைக்க "ரீ9" என்ற முறை வந்தது. ஒவ்வொரு விசையையும் ஒரு தடவை மட்டும் அமர்த்தினால் போதும். உள்ளேயிருக்கும் அகராதி சொல்லை ஊகித்துக்கொள்ளும். ஆனால் அது ஆங்கில அகராதி. 2-6-6-2 என்று அமர்த்தினால் அது அம்மாவாகவும் இருக்கலாம், அண்ணாவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் விசைகள் ஒன்றே. அகராதிக்கு எங்கள் அம்மாவையும் தெரியாது, அண்ணாவையும் தெரியாது. வெள்ளைக்காரப் பெண் பெயரான அன்னாவைத் தெரிந்திருந்தால் அவளைத்தான் கொண்டுவந்து நிறுத்தும். சுகம் என்பதை சிலர் ஜி போட்டு எழுதுவார்கள், சிலர் எச் போட்டு எழுதுவார்கள். இரண்டு எழுத்தும் நான்காம் விசையிலேயே இருப்பதால் அந்த வேறுபாட்டை அமர்த்துகிற விரல் அறியாது. திரையில் வருவதைத்தான் திருத்த வேண்டும். கடைசியில் எங்கள் ஆட்கள் அந்த அகராதியை நிறுத்திவிட்டுப் பழையபடி எண்ணி எண்ணி அமர்த்தினார்கள்.

கனடாவில் இருந்தவர்களுக்குப் பிளக்பெறி வந்தது. ரொறன்ரோவிலிருந்து தூரமில்லாத வாட்டர்லூ நகரத்து நிறுவனம் செய்தது. அது 2006இல் "பேர்ள்" என்ற சிறு கருவியை வெளியிட்டது. மின்னஞ்சலும் அனுப்பலாம்; ஆனால் முழு விசைப்பலகை இல்லை. பெரும்பாலும் ஒரு விசைக்கு இரண்டு எழுத்து. ஏ-யும் எஸ்-உம் ஒரே விசை; பி-யும் என்-உம் ஒரே விசை. அதுவும் ஊகிக்கும், அந்த ஊகமும் ஆங்கிலத்திலேயே நடக்கும். வேலைக்குப் போகிற பேருந்தில் நின்றுகொண்டு ஊருக்குத் தமிழ் மின்னஞ்சல் எழுதியவர்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் கருவியோடு வாதாட வேண்டியிருந்தது.

சகோதரிகளே, விசை குறைவு, எழுத்து அதிகம் என்ற இந்த வழக்கு எங்களுக்குப் புதியதல்ல. தமிழுக்கு 247 எழுத்து. அவற்றை ஒரு தட்டச்சுப் பொறிக்குள் அடக்கியவர் யார்? யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா அவர்கள். புள்ளிக்கும் விசிறிக்கும் தனியாக நகரா விசை வைத்தால், அதை அமர்த்தும்போது தாள் நகராது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். இப்படி 247 எழுத்தும் சில பத்து விசைகளுக்குள் வந்தன. அவர் திட்டமிட்ட பொறிகள் ஜேர்மனியில் செய்யப்பட்டு வந்தன. இந்த மண்டபத்தில் பலர் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் படித்து, கச்சேரியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் வேலை பார்த்தவர்கள். உங்கள் விரல்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பிறகு கணினி வந்தது. தட்டச்சு வரிசையைத் தழுவிய "பாமினி" எழுத்துரு வந்தது. இலங்கைத் தமிழர் எங்கே போனாலும் பாமினியும் கூடப் போனது. ஆனால் அது எழுத்தின் தோற்றத்தை மாற்றியதே தவிர, உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகள்தாம். பாமினியில் "அம்மா" என்று எழுதி மின்னஞ்சல் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விரியும். லண்டனில் இருந்த மகளின் கடிதம் யாழ்ப்பாணத்து இணையக் கடையில் இப்படித்தான் திறந்தது.

யுனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்படியானால் குறுஞ்செய்தியில் ஏன் உடனே தமிழ் வரவில்லை? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொறுத்துக் கேளுங்கள்.

உலகின் முதலாவது குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்திக்குக் கிடைக்கும் இடம் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும். ஆகவே 160 எழுத்து கொள்ளும். தமிழுக்குப் பதினாறு பிட் வேண்டும். ஆகவே 70தான் கொள்ளும். அந்த 70உம் நாம் எண்ணுகிற எழுத்தல்ல. "நெடுந்தீவு" என்ற சொல்லில் எங்கள் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கருவிக்கு அது பத்து. ஒற்றைக் கொம்பு ஒன்று, உகரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். "குறிகட்டுவான்" எங்களுக்கு ஏழு எழுத்து, அதற்குப் பதின்மூன்று. "குறிகட்டுவானில் நிற்கிறேன், நெடுந்தீவுப் படகு இன்னும் வரவில்லை" என்று எழுதினாலே எழுபதை நெருங்கிவிடும். மேலே போனால் இரண்டு செய்திக் காசு.

காசுகூடப் பரவாயில்லை. அனுப்புகிறவருடைய கருவியிலும் தமிழ் இருக்க வேண்டும், பெறுகிறவருடைய கருவியிலும் தமிழ் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் திரை முழுவதும் வெற்றுப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். செய்தி வந்தது தெரியும். என்ன செய்தி என்பது தெரியாது. ஏ-9 வீதி மூடப்பட்டு, கைத்தொலைபேசிச் சேவையும் இடையிடையே நிறுத்தப்பட்ட 2006ஆம் ஆண்டுக் காலத்தில், அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினோம். அது நாகரிகத்துக்காக எழுதியதல்ல. போய்ச் சேரும் என்ற நம்பிக்கைக்காக எழுதியது.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம்.

அந்த ஆங்கில எழுத்துச் செய்தியை ஊரில் யார் வாசித்தார்கள்? தமிழ்ப் பத்திரிகையை வரிவிடாமல் வாசிக்கும் தாய்மார், தேவாரம் திருவாசகம் மனப்பாடமாகச் சொல்லும் அம்மம்மாமார், இந்தக் கல்லூரியிலேயே ஐந்தாம் வகுப்புவரை படித்து அழகான கையெழுத்தில் கடிதம் எழுதியவர்கள், ஒரே நாளில் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். மகளுடைய செய்தியை வாசிக்கப் பேரனைக் கூப்பிட வேண்டும். பேரன் பள்ளிக்கூடம் போயிருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை உரத்து வாசிக்கப்போகிறது என்று தெரிந்தால், ஒரு மகள் தாய்க்கு என்ன எழுதுவாள்? மாமியோடு மனத்தாங்கல் என்று எழுதுவாளா? கரு தங்கவில்லை என்று எழுதுவாளா? கணவனுக்கு வேலை போய்விட்டது, காசு அனுப்ப இரண்டு மாதம் செல்லும் என்று எழுதுவாளா? "நாங்கள் சுகம், நீங்கள் சுகமா" என்று எழுதினாள். தாயும் பிள்ளையிடம் சொல்லி, "சுகம்" என்று பதில் அனுப்புவித்தாள். அந்தக் காலத்துச் செய்திகள் ஏன் அவ்வளவு வறண்டிருந்தன என்று கேட்டால், 160 எழுத்து போதாமல்தான் என்று சொல்வார்கள். இடையில் ஒரு வாய் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன். நீல விமானக் கடிதத்தை ஒட்டி அனுப்பினால் தாய் தன் கையால் பிரித்துத் தானே வாசிப்பாள். குறுஞ்செய்தி பத்து நொடியில் வந்தது. ஆனால் தாய்க்கும் மகளுக்கும் இடையிலிருந்த தனிமையை எடுத்துக்கொண்டது.

இன்னொன்று. நான் தமிழ் கற்பித்தவள். ஆகவே சொல்லாமல் விட முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது வலி, வழி, வளி மூன்றும் ஒரே நான்கு எழுத்து. பள்ளியும் பல்லியும் ஒன்று. கல், கால், கள் மூன்றும் ஒன்று. "அம்மாவுக்கு வலி" என்று வந்த செய்தியை, "அம்மா வழியில் வருகிறா" என்று வாசித்துவிட்டு இருந்துவிடலாம். வாசிக்கிறவர் இடம் பார்த்து, பொருள் பார்த்து ஊகிக்க வேண்டும். கருவியும் ஊகித்தது, வாசித்தவரும் ஊகித்தார். நடுவில் சொல் மட்டும் உறுதியாக இல்லை.

இதற்கு வழி தேடியவர்களும் இருந்தார்கள். அவர்களை மறக்கக் கூடாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் 1980களிலேயே "முரசு" என்ற கணினிச் செயலியைத் தந்தவர். அவர் உருவாக்கிய "செல்லினம்" 2005ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமானது. அதே இலக்க விசைகளைக் கொண்டு கைத்தொலைபேசியில் தமிழிலேயே எழுதலாம் என்று காட்டிய முயற்சி அது. முத்தையா அவர்கள் தட்டச்சுப் பொறிக்குச் செய்ததை, ஏழெட்டுப் பத்தாண்டு கழித்து இவர் உள்ளங்கைக்குள் செய்தார் என்று சொல்லலாம். பின்னர் தொடுதிரை வந்தது. விசை என்பது வெறும் படமாகிவிட்டது; எத்தனை விசை வேண்டுமானாலும் வரையலாம். 2013இல் ஐபோனின் ஏழாவது இயங்குதளத்தோடு தமிழ் விசைப்பலகை கூடவே வந்துவிட்டது. அன்ட்ரொயிட் கருவிகளிலும் தமிழ் வந்தது. வைபரும் வட்ஸ்அப்பும் வந்தபின் எழுத்தை எண்ணிக் காசு கொடுக்கும் கணக்கும் ஒழிந்தது.

அதாவது, தடை நீங்கிப் பத்து ஆண்டுக்கு மேலாகிறது. ஆனால் பழக்கம் நீங்கவில்லை. எங்கள் பழைய மாணவியர் குழுவைத் திறந்து பாருங்கள். பிறந்தநாள் வாழ்த்தும் ஆங்கில எழுத்தில். துயரச் செய்தியும் ஆங்கில எழுத்தில். பன்னிரண்டு விசையில் வளைந்த விரல், விசை நேரானபிறகும் வளைந்தபடியே இருக்கிறது.

எப்படி எழுதினால் என்ன, விளங்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் உங்களுக்கும் விளங்குகிறது; நாங்கள் இருவரும் ஒரே கரும்பலகையில் ஆங்கிலம் படித்தவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விளங்குமா? பரிஸில் வளர்ந்த பிள்ளைக்கு "உ" என்ற ஒலி ஓ-வும் யூ-வும் சேர்ந்தது. ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை "வ" என்பதற்கு டபிள்யூ போடும். நோர்வேயில் வளர்ந்த பிள்ளைக்கு ஜே என்ற எழுத்தின் ஒலி "ய". அது "யார்" என்று எழுதினால் ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள் "ஜார்" என்று வாசிப்பாள். ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகளின் பிள்ளைகள், மூன்று நாட்டில் மூன்று விதமாகத் தமிழை எழுதுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கக்கூடிய எழுத்து ஒன்றே ஒன்றுதான். இந்தக் கல்லூரியின் முதல் வகுப்பில் மணலில் விரல் வைத்து எழுதிய எழுத்துதான் அது.

புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் வாசிக்கும்படி நாங்கள் எழுதினோமா என்பதே என் கேள்வி. பிள்ளையைச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வாகனத்தில் காத்திருக்கும்போது அந்தப் பிள்ளைக்கே "வகுப்பு முடிந்ததா" என்று ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்புகிறோம். பிள்ளை எதைப் படிக்கும்?

குரல்வழிச் செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று ஊரிலிருக்கும் அம்மம்மா ஒரு பொத்தானை அமர்த்திக்கொண்டு, தன் பேச்சிலேயே, தன் இழுப்பிலேயே கதைத்து அனுப்புகிறா. வாசித்துக் காட்ட ஆள் வேண்டியதில்லை. இழந்த தனிமை திரும்பி வந்திருக்கிறது. மிக நல்லது. ஆனால் குரலைத் தேடி எடுப்பது கடினம். பத்து ஆண்டு கழித்து "அம்மம்மா நண்டுக் குழம்புக்கு என்ன சொன்னவ" என்று தேடினால் எழுத்துதான் அகப்படும்.

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே பழைய புறாக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்நியர் ஆட்சிக் காலத்தில் தூதுப் புறா வளர்த்த இடம் என்று சொல்வார்கள். கூடு இன்னும் நிற்கிறது. புறா கொண்டுபோன செய்தி ஒன்றுகூட இல்லை. எங்கள் பத்தாண்டும் அப்படிப் போய்விடக் கூடாது. ஆகவே மூன்று சிறு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய கைத்தொலைபேசி ஒன்று கிடக்கும். மின்கலம் முற்றாகப் பழுதாகுமுன் அதை ஒருமுறை உயிர்ப்பித்துப் பாருங்கள். வைத்திருக்கத் தக்க செய்திகள் இருந்தால் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: வந்தபடியே ஆங்கில எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே தமிழில் ஒரு வரி, திகதி, இடம். பிறர் பெயரும் மனமும் நோகாதவற்றை மட்டும் சங்கத்துக்கு அனுப்புங்கள். 1981இல் நூலகம் எரிந்த மண்ணில் ஒரு துண்டுத் தாளும் வீண் அல்ல. ஈழத்து நூல்களையும் மலர்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. நாங்கள் சேர்த்துக் கொடுத்தால் காக்க ஆள் இருக்கிறது.

இரண்டாவது: இந்த நூற்றாண்டு ஆண்டு முடியும்வரையாவது எங்கள் குழுவில் தமிழ் எழுத்தில் எழுதுவோம். முழுவதும் முடியாவிட்டால் மூன்றை மட்டும் தமிழில் எழுதுங்கள்: ஆளின் பெயர், ஊரின் பெயர், துயரம் விசாரிக்கும் வார்த்தை. தட்டச்சுப் படித்தவர்களுக்கு ரெங்கநாதன் வரிசை பழக்கம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தமிழ்99 இலகு. ஆங்கில விசையை விட மனமில்லாதவர்களுக்கு, ஆங்கிலத்தில் அமர்த்தத் தமிழாக மாறும் முறையும் இருக்கிறது. ஒரு கிழமை விரல் தடுமாறும். பிறகு வந்துவிடும்.

மூன்றாவது, இங்கே இருக்கும் மாணவியருக்கு. உங்கள் வீட்டில் ஒரு அப்பாச்சியோ அம்மம்மாவோ இருந்தால், அவருடைய கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். பக்கத்தில் அமர்ந்து ஒரு வரி எழுதப் பழக்குங்கள். அவர் தன் மகளுக்கு எழுதும்போது மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். எழுந்து அந்தப் பக்கம் போய்விடுங்கள். அது அவர்கள் இருவருக்கும் உரியது.

இந்தக் கல்லூரியைத் தொடங்கியவர்கள், தீவுப் பெண் பிள்ளை ஒன்று தன் கடிதத்தைத் தானே எழுத வேண்டும், தனக்கு வந்ததைத் தானே வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தொடங்கினார்கள். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலத்தில் அதுவே பெரிய துணிவு. பன்னிரண்டு விசைகள் எங்கள் தாய்மாரிடமிருந்து அதைச் சில காலம் பறித்து வைத்திருந்தன. திரும்பக் கொடுக்கிற வசதி இப்போது எங்கள் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.